ஊறாத குப்பிகள்

அக்கா அந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் கழித்துத்தான் நான் அங்கே ஆய்வாளராகப் போனேன். நாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்பது நான்கு வருடம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதை மறைக்க நான் பெரிய பாடு ஒன்றும் படவில்லை. அங்கே எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் நாள் பேராசிரியர் என்னை ஒவ்வோர் அறையாக அழைத்துப் போய்க் காட்டினார். நுண்ணோக்கி அறை, தராசு அறை, கடைசியாகக் கழுவும் அறை. அக்கா முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றாள்.

"இவங்கதான் நம்ம அக்கா. இவங்க கழுவித் தர்ற குப்பியிலதான் நம்ம ஆராய்ச்சியே நிக்குது," என்றார் பேராசிரியர்.

நான் வருகிற நாள் அவளுக்குத் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே அவள்தான். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. 'சார், இது என் தங்கச்சி' என்று சொல்வதற்கு முன்னால் வருகிற சிரிப்பு. பேராசிரியருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருடைய அப்பா நீதிபதி, இன்னொருத்தியின் அம்மா அறுவை மருத்துவர் என்று அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தேன்.

"வணக்கம் அக்கா," என்றேன் நான். புதிதாகப் பார்ப்பவரிடம் சொல்கிற குரலில்.

அந்தச் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, "வாங்க மேடம்," என்றாள்.

அவ்வளவுதான். அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போனேன், சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாளும் மேடம் என்றாள். பொய் சொல்வதற்குத்தான் தினமும் மெனக்கெட வேண்டும். சும்மா இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

என் வேலை என்னவென்று மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, ஒருமுறை விளக்கினேன். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எதையும் திறந்து பார்த்தால்தான் நம்புவார். அவருக்காக ஒரு சின்னப் பாட்டிலை வீட்டுக்கே கொண்டுபோயிருந்தேன்.

"பால் மாதிரி இருக்கே," என்றார்.

"பிளாஸ்டிக் உருண்டைங்க மாமா. தண்ணியில மிதக்குது. ஒரு தலைமுடி தடிமனுக்குள்ள ஐந்நூறு உருண்டையை வரிசையா வைக்கலாம், அவ்வளவு சின்னது. இப்ப ஆட்டாம மேஜையில வைங்க."

வைத்தார். சில நிமிடங்களில் பாலுக்குள் பச்சை நிறம் புள்ளி புள்ளியாக எழுந்தது. மீன் செதில் வெயிலில் மின்னுவதுபோல. மாமா குனிந்து கண்ணைப் பாட்டிலோடு ஒட்டவைத்துக்கொண்டார்.

ஒவ்வோர் உருண்டையிலும் ஒரே வகை மின்சுமை இருக்கிறது, அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது என்று சொன்னேன். விலகி ஓட இடம் கிடையாது. ஆகவே எல்லாம் சமமான இடைவெளி விட்டு வரிசையில் நின்றுவிடுகின்றன. அந்த வரிசைதான் படிகம். வெளிச்சம் வரிசையில் பட்டுத் திரும்பும்போது நிறம் தெரிகிறது.

"ஆக, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காததாலதான் ஒழுங்கா நிக்கிறாங்க," என்றார் மாமா. "கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான். இதுல இன்னும் சுத்தமான தண்ணி ஊத்தினா, வரிசை கலையாது. உருண்டைங்க இன்னும் தள்ளித் தள்ளி நிக்கும். படிகம் விரியும். நீலமா இருந்தது பச்சையாகும், பச்சை சிவப்பாகும். ஊத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல ஒண்ணோட தள்ளு இன்னொண்ணுக்கு எட்டாது. அப்ப வரிசை கலைஞ்சிடும். உருகிப்போச்சுன்னு சொல்லுவோம். அந்தக் கட்டம் எங்க வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

"சூடே இல்லாம உருகுதா?"

"சூடே இல்லாம."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணியில துளி உப்பு இருந்தாக்கூட முன்னாடியே உருகிடும். அதைச் சொல்லு," என்றாள். அவள் சொன்னது சரி. உப்பு அந்தத் தள்ளுதலை மழுக்கிவிடும். உள்ளங்கை வியர்வை போதும், ஒரு வாரத்து வேலையைப் பாலாக்கிவிட. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அக்கா. அம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டியிருந்தது, மூத்தவள் அவள். ஆனால் எங்கள் ஆய்வகத்துத் தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதுக் கண்ணாடி அவளுக்குப் பிடிக்காது. புதிதாக வந்த கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத உப்பு நாட்கணக்கில் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஊறவைத்தால்தான் போகும். அக்கா தொட்டியில் சுத்தத் தண்ணீர் நிரப்பி, குப்பிகளை அமிழ்த்தி, தினமும் காலையில் தண்ணீரை மாற்றி, உப்பு அளக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். முள் அவள் சொல்லுகிற இடத்துக்கு இறங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை தொட்டி விளிம்பில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றில் ஒரு சீட்டு மாட்டியிருக்கும். 'எடுக்காதீர்கள்' என்று எழுதி, கீழே தேதி போட்டிருப்பாள். பேராசிரியர்கூட அந்தச் சீட்டைத் தாண்டமாட்டார்.

அந்த வருடம் எங்கள் ஆய்வை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. வழக்கமாக நான் பிளாஸ்டிக் பாட்டில்களில்தான் வேலை செய்வேன். ஆனால் அவை மங்கல், நிறம் எடுப்பாகத் தெரியாது. "தட்டையான கண்ணாடிக் குப்பியில காட்டினா நல்லா இருக்குமே," என்றார் பேராசிரியர். குப்பிகள் வர வேண்டிய நாளைத் தாண்டித்தான் வந்தன. அக்கா தொட்டியில் போட்டு ஐந்தாம் நாள், குழு மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டியே.

அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் முடியாது என்பாள். 'மேடம்' என்று தொடங்கினாலும், நான்கு வயதில் நான் அடுப்பில் கை வைக்கப் போனபோது சொன்ன அதே 'கூடாது' அந்தக் குரலில் இருக்கும். அதை மற்றவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். மூன்று வாரம் என்பதெல்லாம் அவளுடைய பிடிவாதம், ஐந்து நாள் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். புதுக் கண்ணாடி எவ்வளவு நாள் உப்பு விடும் என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

மதியம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே போனேன். சீட்டைத் தூக்கிவிட்டு ஆறு குப்பிகளை எடுத்தேன். சீட்டைத் திரும்ப இருந்தபடியே மாட்டினேன்.  திருடுகிறவள் தடயம் மறைப்பதுபோலத்தான்.

அன்று மாலை ஆறிலும் நிரப்பி வைத்தபோது நீலம் நன்றாகத்தான் வந்தது. காலையில் வந்து பார்த்தேன். நிறம் இருந்தது, ஆனால் பழைய துணியின் நீலம்போல வெளுத்திருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. பிளாஸ்டிக் பாட்டில்களையே காட்டலாம் என்று பேராசிரியரிடம் போய்ச் சொல்ல இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் மேஜையைத் துடைத்தேன்.

குழுவில் ஐந்து பேர். நான் விளக்கிவிட்டு, முதல் குப்பியில் துளிக்குழாயால் சுத்தத் தண்ணீர் விட்டு, மெல்லப் புரட்டி, கீழே வைத்தேன். புரட்டும்போது வரிசை கலைந்து பாலாகும். வைத்த ஒரு நிமிடத்தில் மறுபடி வரிசை கூடிப் பச்சை வர வேண்டும்.

வரவில்லை.

"கொஞ்சம் நேரம் எடுக்கும்," என்றேன். இரண்டாவது குப்பியை எடுத்தேன். மூன்றாவது. ஆறு குப்பிகளும் மேஜையில் வரிசையாகப் பாலாக நின்றன. குழுவிலிருந்த ஓர் அம்மாள் மிக மென்மையாக, "இதுல எந்த நேரத்துல நாங்க பார்க்கணும்?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் முதல் குப்பியை எடுத்து மறுபடி புரட்டினேன். பேராசிரியர்தான் சிரித்துச் சமாளித்து அவர்களை நுண்ணோக்கி அறைக்குக் கூட்டிப்போனார்.

குழு போன பிறகு அவர் அறையில் உட்கார்ந்தோம். குப்பிகளை ஒரு தட்டில் வைத்து நானே கொண்டுபோயிருந்தேன். எங்கள் அலுவலக அதிகாரியும் அங்கே இருந்தார், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க வந்தவர்.

"உருண்டை நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நல்லா இருந்துச்சு சார். பாட்டில்ல இருக்கிறது இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

"தண்ணி?"

"மீட்டர்ல பார்த்தேன் சார். சுத்தம்."

"அப்ப குப்பி."

நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "குப்பியெல்லாம் கழுவுற அறையிலருந்து வந்தது சார்."

அது பொய்யில்லை. அங்கிருந்துதான் வந்தது. பொய் சொல்லியிருந்தால்கூடப் பிறகு நினைத்துப் பார்க்க இவ்வளவு கூசியிருக்காது என்று நினைக்கிறேன். உண்மையை எடுத்துக் கத்தியாக்கியது இன்னும் மோசம்.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஈரக் கையை இடுப்பில் துடைத்தபடி வந்தாள். பேராசிரியர் பதமாகத்தான் கேட்டார். அவள் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். அவள் கைப்பட்ட கண்ணாடி அவளுக்குத் தெரியும். எந்தத் தொட்டி, எத்தனை நாள் என்று தெரியும். தொட்டியில் ஆறு குறைவதையும் காலையிலேயே பார்த்திருப்பாள்.

குப்பியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். நின்றாள்.  நான் தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊறினது பத்தல சார்," என்றாள் கடைசியில். "கவனிக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி..." என்று பேராசிரியர் இழுத்தார்.

"ஆமா சார். இந்தத் தடவை ஆயிடுச்சு."

அதிகாரி கையெழுத்துத் தாளை மடித்துக்கொண்டார். கழுவும் வேலையை இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்ததுபோல ஆனது. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. கழுவ இயந்திரம் வைத்துவிட்டு, அக்காவை விடுதிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தாழ்வாரமும் குளியலறைகளும் துடைக்கிற வேலை.

இரண்டு ஞாயிறு நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு காலை மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னம்மா, அக்கா வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? வந்து கூட்டிட்டுப் போகணுமா?"

போனேன். மாமா கூடத்தில் ஏதோ ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேட்டியா உங்க அக்கா கதையை? பன்னெண்டு வருஷம் கழுவினவளுக்குத் திடீர்னு கை தவறிடுச்சாம். நான் நம்பல. நடுவுல யாரோ எடுத்திருக்கணும்னு சொன்னேன். இல்லவே இல்லைங்கிறா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. நீ அங்கதானே இருக்கே, கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன்."

விசாரிக்கிறேன் என்றேன். அந்த வார்த்தையும் என் வாயிலிருந்துதான் வந்தது.

அக்கா சாப்பாடு போட்டாள். பரிமாறுகிற கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் தோல் சிவந்து உரிந்திருந்தது. விடுதியில் தரை கழுவும் திரவம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. மெலிஞ்சு போயிருக்கே," என்றாள். போட்டதையெல்லாம் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பாத்திரம் கழுவ அவள் பின்னால் போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன், கூடத்தில் கேட்கக்கூடாது என்று.

"ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தை?"

"நான்தான் எடுத்தேன்னு."

அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ சொல்லுவேன்னு நின்னேன்," என்றாள். "கொஞ்ச நேரம் நின்னேன் பார்த்தியா, அது அதுக்குத்தான். நீ சொல்லல."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? தொட்டியிலருந்து மேடம்தான் எடுத்தாங்கன்னு நான் சொல்லுவேன். சார் உன்னைப் பார்ப்பாரு. நீ என்ன சொல்லியிருப்பே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று இப்போது எழுதுகிறேன். அன்று தெரிந்துதான் இருந்தது.

"நீ இல்லைன்னு சொல்லியிருப்பே," என்றாள் அக்கா. "என் மூஞ்சியைப் பார்த்துட்டே சொல்லியிருப்பே. அதை நான் பார்க்க வேண்டாம்னு தோணுச்சு. உன்னைக் காப்பாத்தணும்னு செஞ்சேன்னு நினைச்சுக்காதே. நான் என்னைக் காப்பாத்திக்கிட்டேன்."

பிறகு குழாயை மூடினாள். "தண்ணி வீணாப் போகுது."

மறுநாள் காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் இரண்டு முறை திரும்பி நடந்தேன். உள்ளே போய், உட்காராமலே, குப்பிகளை ஐந்தாம் நாள் நான்தான் எடுத்தேன் என்றும், சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்றும் சொன்னேன். மீதிக் குப்பிகள் தொட்டியிலேயே இருக்கின்றன, அக்கா விட்ட நாளிலிருந்து யாரும் தண்ணீர்கூட மாற்றவில்லை, எண்ணிப் பாருங்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "சரி," என்றார். "அவசரத்துல ஆகிறதுதான். உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. இனி கவனமா இருங்க."

அவ்வளவுதான் எனக்குத் தண்டனை. அதே தப்புக்கு ஒருத்தி குளியலறை துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருப்பேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சார், அக்காவைத் திரும்பக் கொண்டுவரணும்."

"அது ஆபீஸ் விஷயம். உத்தரவு போட்டுட்டாங்க. நான் பேசிப் பார்க்கிறேன். அவங்க மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கிறது நல்லதுதான்."

"அக்கறை இல்லை சார். அவங்க என் அக்கா."

அவர் சிரித்தார். "நம்ம எல்லாருக்கும் அவங்க அக்காதானே."

"இல்ல சார். கூடப்பிறந்த அக்கா. ஒரே அம்மா, ஒரே அப்பா."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முதல் நாள் நான்தானே உங்க ரெண்டு பேரையும் அறிமுகம் செஞ்சு வெச்சேன்," என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"நாலு வருஷமா?"

"நாலு வருஷம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "குப்பி விஷயத்தை நான் எழுதிக் கொடுத்துடறேன். யார் எடுத்தாங்கன்னும் அதுல இருக்கும். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார். தலையாட்டினேன். "இன்னொண்ணு என் வேலை இல்லை. அதை நீங்கதான் பார்த்துக்கணும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், முதல் நாள் யாருடைய பிள்ளைகளைப் பார்த்துக் கூச்சப்பட்டேன் என்பது உட்பட. ஒன்பது பேர்.  எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். எதற்கும் நேரம் தவறாதவர், கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தோம். அவர்தான் முதலில் கனைத்தார்.

"போன வருஷம் அக்கா நிமோனியாவுல படுத்திருந்தாங்களே," என்றார். "நான் ஒரு அட்டை வாங்கி எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்கினேன்."

"ஆமா."

"நீயும் போட்டே. 'விரைவில் நலம்பெற வாழ்த்துகள்'னு எழுதினே."

"ஆமா."

"அப்ப நீ நாலு நாள் லீவுல இருந்தே. ஊர்ல வேலைன்னு சொன்னே. அஞ்சாம் நாள் வந்து போட்டே."

அந்த நான்கு நாளும் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அவளுக்கு ஒத்தடம் கொடுத்து, மருந்து ஊற்றி, தலை வாரிவிட்டேன். ஐந்தாம் நாள் வேலைக்கு வந்து, அறிமுகமில்லாத ஒருத்திக்கு வாழ்த்து எழுதி, என் பெயரை முழுதாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்டை போய்ச் சேர்ந்ததும் அக்கா அதை மாமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். என் வரி வந்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். "கையெழுத்து நல்லா இருக்கு," என்றாள் என்னிடம். நானும் சிரித்தேன். அது வேடிக்கையாகத்தான் இருந்தது அப்போது. இந்த ஒன்பது பேர் முன்னால் அதைக் கேட்டபோதுதான், அவள் எதைச் சிரித்து விழுங்கினாள் என்று புரிந்தது.

கடிகாரம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அறுவை மருத்துவரின் மகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "என் அம்மாவைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே, யார் சொன்னா உனக்கு?" என்றாள். யார் சொன்னார்கள் என்று எனக்கே நினைவில்லை.

மாமாவிடமும் நானே சொன்னேன். அவர் மோட்டாரை மூடி, நான்கு திருகாணியையும் முடுக்கி முடித்தார். பிறகு, "நான் விசாரிக்கச் சொன்னப்ப சரின்னு சொன்னியேம்மா," என்றார். அடுத்த சில ஞாயிறுகள் என்னிடம் அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

உத்தரவு மாறி வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் அந்த இயந்திரம் பதினெட்டுக் குப்பிகளை உடைத்திருந்தது. அக்காவைத் திரும்பக் கேட்டபோது அவள் உடனே சரி சொல்லவில்லை. விடுதியில் அவளுக்குத் துணைகள் கிடைத்திருந்தார்கள், கைக்கு வேறு திரவம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கழுவும் அறைக்குப் பூட்டு வேண்டும், சாவி தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தார்கள்.

"எனக்கு அந்த வேலை பிடிக்கும்," என்றாள் என்னிடம். "மீட்டர் முள் இறங்குறதைப் பார்க்கப் பிடிக்கும். உனக்காக வரல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும்க்கா."

வந்த முதல் வாரம் புதிய குப்பிகள் ஊறப்போட்டாள். தினமும் காலையில் தண்ணீர் மாற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளே கொடுத்தாள். இருபத்திரண்டு நாள் அவளுக்கு முன்னால் வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, அவள் வந்து திறந்ததும் உள்ளே போய், தொட்டியைக் காலி செய்து நிரப்பினேன். முதல் சில நாட்கள் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, "அடியில தொடாதே, விளிம்பைப் பிடி," என்பதுபோல ஒன்றிரண்டு.

இருபத்திரண்டாம் நாள் நிரப்பிய குப்பிகளில் படிகம் விரிந்தது. நீலம், பச்சை, மஞ்சள், செம்பு நிறம். ஒவ்வொரு துளிக்கும் இடைவெளி கூடியது. அடர் சிவப்புக்கு வந்து, அதையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத நிறத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒளி அளக்கும் கருவி மட்டும்தான் வரிசையைப் பார்த்தது. நான் கணித்திருந்ததைவிட வெகுதூரம் அந்த உருண்டைகள் விலகி நின்றும் வரிசை காத்தன. கடைசியில் ஒரு துளியில் கலைந்தன. அந்த அளவைக் கட்டுரையாக வெளியிட்டபோது அதில் அக்காவுக்கு நன்றி சொல்லியிருந்தேன். என்ன செய்தாள் என்று சரியாக எழுதியிருந்தேன், என்ன உறவு என்று எழுதவில்லை. அறிவியல் கட்டுரையில் அதற்கு இடமில்லை என்பது என் சாக்கு. அவள் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

இப்போது நாங்கள் ஒன்றாகத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறோம், அவளுக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும் நாட்கள் தவிர. போன மாதம் ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போக வாசலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தோம். குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஓடி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமாவா?" என்று கேட்டாள். "முன்னாடியே பழக்கமா?"

அக்கா கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள். என் நடை தானாகவே மெதுவானது. ஓர் அடி, இரண்டடி பின்தங்கினேன். யார் சொல்லியும் இல்லை, கால் அதுவாகச் செய்தது. இவ்வளவுக்கும் பிறகு.

"என் அக்கா," என்றேன். "கூடப்பிறந்தவங்க."

"அப்படியா, தெரியவே இல்ல," என்றாள் அந்தப் பெண்.

அக்கா தேடியது கிடைத்துவிட்டது, கைக்குட்டை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொள்ளும்வரை அவள் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. "வீட்டுல முட்டை தீர்ந்துபோச்சு," என்றாள். "நீ வாங்கிட்டு வர்றியா, நான் முன்னாடி போகட்டுமா?"

நான் வாங்கி வருவதாகச் சொன்னேன்.